பிக்கப் கேபினைச் சேசிஸிலிருந்து வீட்டிலேயே தூக்க முடியுமா?

பட்டுக்கோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி, 6 ஏப்ரல் 2025

என் பிக்கப்பில் டிரைவர் காலடித் தகரம் இற்றுப்போய், ஓட்டும்போது ரோடு தெரிகிறது. கேபினைத் தூக்கினால்தான் அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸுக்கு வெல்டிங் வைக்க முடியும் என்றும், அதற்கு வண்டி மூன்று வாரம் பட்டறையில் நிற்க வேண்டும் என்றும் டிங்கர் சொல்கிறார். வீட்டு வாசலில் நாமே தூக்க முடியுமா? நான்கு பேர் இருந்தால் போதுமா?

6 ஏப்ரல் 2025, இரவு

முடியும். ஆனால் எத்தனை பேர் வேண்டும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள். கேபினைத் தூக்குவது அரை மணி நேர வேலை. தூக்கத் தக்கதாக அதைக் கழற்றி விடுவிப்பது ஒரு வார வேலை. என் வண்டியும் இதே நிலையில்தான் இருக்கிறது, இந்தக் கோடையில் அதைத் தூக்குவதாகவும் முடிவு செய்துவிட்டேன். ஆகவே செய்யச் செய்ய இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2012ஆம் ஆண்டு வண்டி. 2019இல் நாகப்பட்டினம் பக்கத்தில் ஒருவரிடம் வாங்கினேன். அவர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றியவர். கஜா புயலுக்குப் பிறகு சில மாதங்கள் விழுந்த தென்னைகளைத் துண்டு போட்டு ஏற்றியதாகவும் சொன்னார். மீன் பெட்டியில் ஐஸ் உருகி வடியும் தண்ணீர் உப்புத் தண்ணீர். அது சரக்கு ஏற்றும் பெட்டியான பாடியின் முன் பலகை வழியாக இறங்கி, பாடிக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் நான்கு விரல் இடைவெளியில் ஒழுகி, கேபினைச் சேசிஸோடு போல்ட் போட்டுப் பிணைக்கும் பின்பக்க மவுண்டிங்கில் போய்த் தங்கும். வெளியே படும் தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும், அங்கே அதிர்வைத் தாங்க வைத்திருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கு அடியில் புகுந்தது காயாது. வாங்கும்போது கதவையும் டயரையும் எஞ்சின் சத்தத்தையும் பார்த்தேனே தவிர, அந்த நான்கு விரல் இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

9 ஏப்ரல் 2025

எங்கே வைத்துத் தூக்குவது என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, மூணாறு தலைப்பிலிருந்து பிரியும் கோரையாற்றின் பாசனத்தில் இருக்கிறது. மண் முழுவதும் களி. இப்போது வெடித்து, கடப்பாரை இறங்காத அளவுக்கு இறுகிக் கிடக்கிறது. ஒரு கோடை மழை பெய்தால் அதே இடத்தில் ஜாக்கி அரை அடி அமிழும். வாசல் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். நெல் காயப் போடும் சிமெண்டுக் களம்தான் சரியான இடம். அறுவடை முடிந்துவிட்டதால் அதுவும் காலியாக இருக்கிறது.

களத்திலும் ஜாக்கியைச் சிமெண்டின் மேல் நேராக வைக்காதீர்கள். எங்கள் களத்தின் கனம் மூன்று அங்குலத்தைத் தாண்டாது, அடியில் அதே களிமண்தான். ஒரு புள்ளியில் பாரம் இறங்கினால் கூரை ஓடுபோல் உடையும். பழைய வீடு பிரித்தபோது எடுத்து வைத்திருந்த பனஞ்சட்டங்களை இரண்டடித் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு ஜாக்கிக்கும் கீழே இரண்டு போட்டேன்.

13 ஏப்ரல் 2025

கழற்றியவற்றை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்று விட்டுப்போனாலும் தூக்கும் நேரத்தில் அது கேபினைப் பிடித்து இழுக்கும்.

முதலில் பேட்டரி. அதன்பின் கூலன்ட்டை வடித்து, கேபினுக்குள் போகும் ஹீட்டர் ஹோஸ்களைப் பிரித்தேன். அடுத்தது ஸ்டியரிங். கேபினிலிருந்து ஸ்டியரிங் கியர் பாக்ஸுக்கு இறங்கும் ராடின் இணைப்பில் இரண்டு பக்கமும் ஒரே நேர்க்கோட்டில் பெயிண்டால் அடையாளம் வைத்த பிறகே போல்ட்டைத் தளர்த்த வேண்டும். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் ஸ்டியரிங் வீல் சுழலாமல் கட்டி வையுங்கள், அதற்குள் சுருட்டி வைத்திருக்கும் ஒயர் அறுந்துவிடும்.

பிரேக்குக்கு இரண்டு வழிகள் உண்டு. பைப்புகளைக் கழற்றிவிட்டு, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கேபினோடு தூக்கலாம், அல்லது மாஸ்டரையும் மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டரையும் கேபினிலிருந்து கழற்றிச் சேசிஸோடு விடலாம். இரண்டாவது வழியில் ஆயில் கொட்டாது, பைப்பில் காற்று ஏறாது. நான் அதைத்தான் செய்தேன். கிளட்ச் மாஸ்டரையும் அப்படியே விட்டேன். ஆக்சிலரேட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள், கியர் ராடு, ஒயர்களை இணைக்கும் கப்ளர்கள், எர்த் ஒயர் என்று பட்டியல் நீள்கிறது. பானட், முன் கிரில், பம்பர், இரண்டு மட்கார்டுகள், கதவுகள், இருக்கை எல்லாவற்றையும் எடுத்து மாட்டுக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறேன்.

என் வண்டியில் ஏ.சி. இல்லை. உங்கள் வண்டியில் இருந்தால் அந்த ஹோஸை நீங்கள் தொடாதீர்கள். ஏ.சி. மெக்கானிக்கை அழைத்து கேஸை மெஷினில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அழுத்தத்தோடு வெளியே பாயும் கேஸ் கண்ணையும் கையையும் பனிபோல் உறையச் செய்துவிடும்.

14 ஏப்ரல் 2025

சித்திரை முதல் நாள். வேலை இல்லை. ஒயரிங் கப்ளர் ஒவ்வொன்றிலும் துணித்துண்டு கட்டி எண் போட்டதை மட்டும் மகள் செய்து முடித்தாள்: ஆண் பக்கமும் பெண் பக்கமும் ஒரே எண். முப்பத்தொரு கப்ளர்கள்.

20 ஏப்ரல் 2025

மவுண்டிங் போல்ட்டுகளைப் பற்றி. என் வண்டியில் ஆறு. முன் இரண்டும் நடு இரண்டும் ஸ்பானருக்கு இசைந்தன. பின் இரண்டும் அசையவே இல்லை. மூன்று நாட்கள் காலையும் மாலையும் டீசல் ஊற்றி ஊற வைத்தால் இளகும் என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொன்னார், நானும் ஊற்றினேன். வலது பக்கம் இளகியது. இடது பக்கம் போல்ட் சுழன்றது, ஆனால் வெளியே வரவில்லை. தகரப் பெட்டிக்குள் வெல்டிங் வைத்திருந்த நட்டே துருப்பிடித்துக் கழன்று, போல்ட்டோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கிறது.

இந்த நிலை வந்தால் கோபத்தில் கேஸ் கட்டரைக் கையில் எடுக்காதீர்கள். சுற்றிலும் ரப்பர், மேலே ஒயரிங், தரையில் நீங்களே மூன்று நாட்களாக ஊற்றிய டீசல். காலடித் தகரத்தில் நட்டுக்கு நேர் மேலே இரண்டு அங்குலச் சதுரமாகக் கட்டிங் மெஷினால் ஒரு ஜன்னல் திறந்து, நட்டை ரிங் ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, கீழிருந்து திருகி எடுத்தோம். வெட்டிய துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். திரும்ப அதையே வைத்து வெல்டிங் செய்துவிடலாம்.

அந்த இடத்தைத் திறந்து பார்த்தபோது கண்டதைச் சொல்ல வேண்டும். ரப்பருக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு விரல் கனத்துக்கு மண் இறுகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் அடை அடையாகப் பெயர்ந்தது. உள்ளே வைக்கோல் துணுக்குகள், வெள்ளையாகப் பூத்த உப்பு, காய்ந்து கண்ணாடிபோல் ஆகிவிட்ட இரண்டு மீன் செதில்கள். நான் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன, என் கையில் வந்த பிறகு வண்டி மீன் ஏற்றியதே இல்லை. அந்தச் செதில்கள் அத்தனை காலமும் அங்கேயே இருந்திருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் ஒரு நெல்மணி முளைவிட்டு, வெளுத்த வேர் ஓடிக் கருகியிருந்தது. நெல் முளைக்கும் அளவுக்கு ஈரம் நின்ற இடத்தில் இரும்பு எப்படிப் பிழைக்கும்?

22 ஏப்ரல் 2025, திருத்தம்

டீசல் ஊற்றச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பின்பக்க ரப்பர் புஷ் இரண்டும் உப்பிப் பஞ்சுபோல் ஆகிவிட்டன. இயற்கை ரப்பர் டீசலையும் எஞ்சின் ஆயிலையும் உறிஞ்சி வீங்கும், வலுவிழக்கும். புஷ்ஷை மாற்றப்போகிறீர்கள் என்றால் கவலையில்லை. அதையே திரும்பப் போடும் எண்ணம் இருந்தால் மரை இருக்கும் பக்கம் மட்டும், தூரிகையால் தொட்டுத் தொட்டு வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் சேசிஸ் முழுவதும் கழிவு ஆயில் அடிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறதே, அதற்கும் இது பொருந்தும். இரும்புக்கு நல்லது என்று அடிக்கிறோம், ரப்பர் அத்தனையும் அதைக் குடிக்கிறது.

27 ஏப்ரல் 2025

"தூக்குவதற்கு எதைப் பயன்படுத்துகிறீர்கள்? கிரேன் வாடகை கட்டுப்படியாகாது" என்று மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

போர்வெல் மோட்டார் தூக்கும் முக்காலிதான். டெல்டாவில் எந்த ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கும். மூன்று இரும்பு பைப் கால்கள், உச்சியில் கொக்கி, அதில் ஒரு டன் செயின் பிளாக், அதாவது சங்கிலியைக் கையால் இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி. கேபின் என்ன எடை இருக்கும் என்று தேடிக்கொண்டிருக்காமல், அரை டன் என்று மிகையாகவே வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு மடங்கு தாங்குகிற சாமான்களை மட்டும் எடுத்தேன். முக்காலியின் ஒரு காலை வண்டியின் மூக்குக்கு முன்னாலும் மற்ற இரண்டைப் பின்னால் இரு பக்கத்திலும் நிறுத்தினால், கேபின் தொங்கும்போது சேசிஸை அந்த இரண்டு கால்களுக்கு நடுவே பின்பக்கமாக உருட்டி எடுத்துவிடலாம். பாடியை முன்கூட்டியே இறக்கிவிட்டேன். எட்டு போல்ட்டுகள்தான், அதைச் சொல்ல ஒன்றும் இல்லை.

பெல்ட்டைக் கூரையில் சுற்றித் தூக்கலாம் என்று என் மைத்துனர் சொன்னார். கூடாது. கூரை நசுங்கும். நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்துக் கேபினை நான்கு அங்குலம் உயர்த்தி, கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் இரண்டு கனமான இரும்பு பைப்புகளைக் குறுக்காக நுழைக்க வேண்டும். பைப் தகரத்தில் படக்கூடாது, தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் தடித்த சட்டத்தில் உட்கார வேண்டும். இரு பக்கமும் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு முனைகளிலும் பெல்ட்டைப் பூட்டி, பெல்ட்டுகள் கூரையின் விளிம்பை அழுத்தாதபடி கூரைக்கு மேலே இரண்டு சவுக்குக் கழிகளை வைத்து விரித்துக் கட்ட வேண்டும்.

பெல்ட் எவ்வளவு நீளம் என்பதிலும் கவனம் தேவை. ஒரு கொக்கியிலிருந்து இரண்டு பெல்ட்டுகள் இறங்கும்போது அவற்றுக்கு இடையிலான கோணம் 60 டிகிரி என்றால் ஒவ்வொன்றும் எடையில் சுமார் 58 சதவீதத்தைத் தாங்கும். கோணம் 120 டிகிரியாக விரிந்தால் ஒவ்வொன்றும் முழு எடையையுமே தாங்க வேண்டி வரும். நீளமான பெல்ட் வாங்குங்கள், உயரமான முக்காலி எடுங்கள்.

3 மே 2025

இன்று தூக்கினோம். இரண்டு முறை இறக்கவும் வேண்டியிருந்தது.

முதல் முறை, கேபின் ஜாக்கியை விட்டு இரண்டு விரல் எழும்பியதும் முக்காலியின் பின் கால் ஒன்று சிமெண்டில் வழுக்கியது. ஒரு சாண் தூரம்தான், ஆனால் அந்தக் கிறீச் என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உடனே இறக்கினோம். மண்ணில் நிறுத்தும்போது கால் தானே பதிந்துகொள்ளும், களத்தில் பதியாது. மூன்று கால்களின் அடியையும் சங்கிலியால் முக்கோணமாகச் சுற்றிக் கட்டிய பிறகே மறுபடி ஏற்றினோம். போர் வேலைக்காரர்கள் இதைச் செய்வதில்லை, அவர்களுக்குத் தேவைப்படுவதும் இல்லை. ஒரு வேலைக்கான கருவியை இன்னொரு வேலைக்கு எடுக்கும்போது தரை மாறுகிறது என்பதை நான் நினைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை இடது பக்கம் எழும்பியது, வலது பின் மூலை எழும்பவில்லை. செயினை இழுத்துக்கொண்டிருந்த பையன் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் தகரம் கிழிந்திருக்கும். "நிறுத்து" என்று குரல் கொடுத்தவர் எங்கள் தெருப் பெரியவர். அவர் நாற்பது ஆண்டுகள் சீர்பாதம் தாங்கியவர், சுவாமி பல்லக்கு தூக்கிய தோள் இன்னும் காய்த்துப்போய் இருக்கிறது. அவரை நான் அழைத்திருந்தது தூக்குவதற்காக இல்லை, பார்ப்பதற்காக. "எடை தோள்ல இல்ல தம்பி, திரும்புற இடத்துலதான் இருக்கு. நாலு மூலையையும் ஒருத்தன் பாக்கணும், அவன் கை வைக்கக் கூடாது" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். வேலை நடக்கும்போது ஒருவர் குரல்தான் கேட்க வேண்டும் என்பதும் அவர் வைத்த விதி. கீழே படுத்துப் பார்த்தால், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் ஓடும் இரண்டாவது எர்த் பட்டை. கழற்றியது ஒன்று, இருந்தது இரண்டு. என் பட்டியலில் "எர்த் ஒயர்" என்று ஒருமையில் எழுதியிருந்தேன், அதைப் பன்மையாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறை நேராக எழும்பியது. முன்பக்கம் டேஷ்போர்டு இருப்பதால் பாரம் அங்கே கூடுதல். கொக்கியை நடுவிலிருந்து ஒரு சாண் முன்னால் தள்ளியதும் கேபின் மட்டமாக நின்றது.

தொங்கும் கேபினுக்குக் கீழே கையோ தலையோ நுழையக் கூடாது. எதை எடுக்க வேண்டுமானாலும் முதலில் கட்டையில் இறக்குங்கள்.

4 மே 2025

சேசிஸை உருட்டியதைப் பற்றி நேற்று எழுத மறந்துவிட்டேன்.

கேபின் போன பிறகு சேசிஸில் பிரேக் இல்லை. மிதிக்கப் பெடல் இல்லை, ஹேண்ட் பிரேக் கேபிளும் கழன்றுவிட்டது. களமோ மழைநீர் வடிவதற்காக வாய்க்கால் பக்கம் சரிவாக இருக்கும். எஞ்சினோடு நிற்கும் சேசிஸ் ஒருமுறை உருளத் தொடங்கினால் மனிதர்கள் பிடித்து நிறுத்த முடியாது. திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள்: ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பின்னும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தை விட்டு நகர்வதில்லை, தேரைத் திருப்புவதும் அவர்கள்தான். அதே முறையில் இரண்டு பேர் பின் சக்கரங்களுக்குப் பின்னால் ஆப்புக் கட்டையோடு கூடவே நடந்தார்கள். கியர் ராடைக் கழற்றும் முன்பே வண்டியை முதல் கியரில் போட்டுவைத்தால் நிற்கும்போது எஞ்சினே பிடித்துக்கொள்ளும். உருட்டும் நேரத்தில் மட்டும் கியர் பாக்ஸின் வாயில் லீவரை வைத்து நியூட்ரல் செய்துகொள்ளலாம்.

கேபினை இரவு முழுவதும் முக்காலியில் தொங்கவிடவில்லை. நான்கு இருநூறு லிட்டர் பேரல்களின் மேல் பனஞ்சட்டம் பரப்பி அதில் உட்கார வைத்தோம். கதவைக் கழற்றிய கேபின் பெட்டிபோல் நிற்காது, வாய் திறந்த கூடைபோல் நெளியும். தளம் இற்றிருந்தால் இன்னும் நெளியும். ஆகவே இரு பக்கக் கதவு வாயிலிலும் குறுக்காக இரும்புப் பட்டையை வெல்டிங்கில் பொட்டு வைத்துப் பிடித்திருக்கிறேன். கடைசியில் அறுத்து எடுத்துவிடலாம்.

11 மே 2025

அக்னி நட்சத்திரம். காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும் மாலை ஐந்துக்குப் பிறகும்தான் களத்தில் கால் வைக்க முடிகிறது.

துருவைச் சுரண்டத் தொடங்கும் முன் சேசிஸ் எண் குத்தியிருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அதன் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு, கிரீஸ் தடவி, டேப் சுற்றிவிடுங்கள். கிரைண்டரில் வயர் பிரஷைப் போட்டு ஓட்டுகிற பையனுக்கு அது வெறும் கீறல். அந்த எண் மழுங்கினால் வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.யின்போது நீங்கள் பதில் சொல்லி மாளாது. எட்டு ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. சேசிஸையே மாற்ற நினைப்பவர்கள் முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

சுரண்டிய பிறகு தெரிந்தது: சேசிஸிலிருந்து நீண்டு கேபினைத் தாங்கும் இடது பின் மவுண்டிங் கையின் அடியில் இரும்பு காகிதமாகியிருக்கிறது. அதிலிருந்து ஒன்றரை அடி பின்னால், பின் ஸ்பிரிங் பட்டையின் முன் கொக்கி பிடிக்கும் இடத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். அது துருவினால் வந்ததில்லை, அளவுக்கு மீறிய பாரத்தினால் வந்தது. தென்னைத் துண்டுகள் என் நினைவுக்கு வந்தன. கேபினைத் தூக்காமல் இருந்திருந்தால் இந்த விரிசலைப் பார்த்திருக்கவே மாட்டேன் என்று எழுத நினைத்தேன், ஆனால் அது உண்மையில்லை. பாடியை மட்டும் இறக்கியிருந்தாலே தெரிந்திருக்கும். ஆகவே பட்டுக்கோட்டை அன்பருக்கு: முதலில் பாடியை இறக்கி, அடியைக் கழுவிப் பாருங்கள். மவுண்டிங் கைகள் கெட்டியாக இருந்து, காலடித் தகரம் மட்டும் இற்றிருந்தால், கேபினைத் தூக்காமலே உள்ளிருந்து தகரம் வைத்துவிடலாம். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

18 மே 2025

வெல்டிங் முடிந்தது. டீசல் டேங்க்கைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் சேசிஸில் தீப்பொறி படக்கூடாது. எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். எங்கோ ஒரு மூலையில் பிடித்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். விரிசலின் இரண்டு முனைகளிலும் சிறு துளை போட்ட பிறகே வெல்டர் அதை நிரப்பினார். துளை போடாவிட்டால் விரிசல் வெல்டிங்கைத் தாண்டி ஓடும். அதன் மேல் வைத்த தகட்டைச் சதுரமாக வெட்டாமல், இரு முனையும் கூம்பிய வடிவில் வெட்டினார். வெல்டிங் கோடு சேசிஸுக்குக் குறுக்கே நேராக ஓடினால் அடுத்த முறை அந்தக் கோட்டிலேயே முறியும் என்றார். எனக்கு அது புதிய செய்தி.

பிறகு எபாக்ஸி பிரைமர் இரண்டு கை, அதன் மேல் கறுப்பு. ரெட் ஆக்சைடே போதும் என்றுதான் முதலில் நினைத்தேன், விலையும் குறைவு. ஆனால் அது ஈரத்தை முழுமையாகத் தடுப்பதில்லை. மேல் பூச்சு ஒரு கல் பட்டு உரிந்தால் அதற்கடியில் துரு நடக்கும். யூரியா மூட்டை ஏற்றும் வண்டிக்கு, சிந்திய யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

25 மே 2025

போல்ட் விஷயத்தில் என் எண்ணம் மாறியது. துருவே பிடிக்காதே என்று ஆறு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டுகளைக் கும்பகோணத்தில் வாங்கி வந்திருந்தேன். லேத் பட்டறைக்காரர் அதன் தலையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அதில் ஏ2-70 என்று இருந்தது. அதன் பொருள் இழுவிசை வலிமை 700 மெகாபாஸ்கல் என்பது. கழற்றிய பழைய போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தது, அதற்கு 800. வலிமையில் அது குறைவு. தவிர, அந்த வகை எஸ்.எஸ். உப்புத் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும். இறுக்கும்போது மரை ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு திரும்பாமல் போவதும் உண்டு. துத்தநாகம் பூசிய 8.8 போல்ட்டுகளையே வாங்கி, மரையில் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன். புதிய ரப்பர் புஷ்களும் வந்துவிட்டன. புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயை மறக்காதீர்கள். போல்ட் இறுகும்போது அழுத்தத்தை அந்தக் குழாய்தான் தாங்க வேண்டும். அது இல்லாமல் இறுக்கினால் ரப்பர் நசுங்கி, ஒரு மாதத்தில் போல்ட் தளரும்.

1 ஜூன் 2025

கேபினை இறக்கினோம். முக்காலி, சங்கிலி, பெரியவர் எல்லாம் முன்போலவே. ஆறு துளைகளிலும் கூம்பிய கம்பியை விட்டு வழிகாட்டியாக வைத்துக்கொண்டதால் இருபது நிமிடத்தில் உட்கார்ந்தது.

ஆனால் கதவு மாட்டினால் சாத்தவில்லை. வலது கதவு பூட்டுக்கு அரை அங்குலம் கீழே தொங்கியது. கீலைத் தட்டி வளைத்துவிடலாம் என்று மைத்துனர் சுத்தியலை எடுத்துவிட்டார். கழற்றிய வாஷர்களைப் போட்டு வைத்திருந்த டப்பாவைக் கொட்டிப் பார்த்தபோது, நடுவில் துளையிட்ட சிறிய தகட்டுத் துண்டுகள் மூன்று கிடந்தன. கம்பெனியிலேயே மட்டம் பார்ப்பதற்காக மவுண்டிங்குக்கு அடியில் வைத்தவை. எந்த மவுண்டிங்கில் எத்தனை இருந்தன என்று நான் குறித்து வைக்கவில்லை. கப்ளருக்கு எண் போட்ட நாங்கள் இதற்குப் போடவில்லை. ஆறு போல்ட்டுகளையும் தளர்த்தி, ஒரு மூலையாக ஜாக்கியில் தூக்கித் தகட்டை மாற்றி மாற்றி வைத்து, கதவின் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே விரல் அளவாக வரும்வரை பார்த்தோம். ஒரு பகல் முழுவதும் போயிற்று. கழற்றும்போதே ஒவ்வொரு மவுண்டிங்கின் சாமான்களையும் அதனதன் போல்ட்டில் கோத்து, நட்டை மூட்டித் தனித்தனியாக வையுங்கள்.

8 ஜூன் 2025

பிரேக் மாஸ்டரைச் சேசிஸோடு விட்டதால் காற்று ஏறாது என்று எழுதியிருந்தேன். ஏறவில்லை. ஆனாலும் பெடல் சற்று ஆழமாக இறங்கியது. பூஸ்டரின் தள்ளுக் கம்பியைப் பெடலில் மாட்டும்போது நீளம் மாறியிருந்தது, சரி செய்தோம். சாலையில் எடுப்பதற்கு முன் பிரேக்கைச் சோதித்தீர்களா என்று கோட்டூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டதற்குப் பதில்: ஆம், களத்திலேயே நடக்கும் வேகத்தில் பத்து முறை பிரேக் பிடித்துப் பார்த்தேன். ஸ்டியரிங் ராடின் போல்ட்டை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்தோம்.

15 ஜூன் 2025

மேட்டூர் 12ஆம் தேதி திறந்தாயிற்று, இன்று கல்லணையும். தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் வண்டி தயாராகிவிட்டது. நேற்று விதை மூட்டை ஏற்றினேன். முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மவுண்டிங் போல்ட்டுகளை மறுபடி இறுக்கியபோது, ஆறில் நான்கு கால் சுற்று திரும்பின. புதிய ரப்பர் படிந்து அமர்வதால் இப்படி நேரும். ஆகவே இதைத் தவறாமல் செய்யுங்கள்.

பாடியை மாட்டும்போது அதன் முன் பலகைக்கு அடியில், பழைய கன்வேயர் பெல்ட்டில் வெட்டிய ஒரு பட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். மேலிருந்து வடியும் தண்ணீர் இப்போது மவுண்டிங்கில் விழாமல் நேராகத் தரைக்குப் போகிறது. இன்று காலை இரண்டு குடம் தண்ணீரைப் பாடிக்குள் கொட்டிவிட்டு, அந்த நான்கு விரல் இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தேன். இடது புஷ்ஷின் மேல் விரல் காய்ந்தே வந்தது. வலது பக்கம் சற்று ஈரம் இருக்கிறது. பட்டையை இன்னும் இரண்டு அங்குலம் நீட்ட வேண்டும்.

பட்டுக்கோட்டை அன்பர் தன் வண்டியின் பாடியை இறக்கிப் பார்த்ததாகவும், மவுண்டிங் கை இரண்டும் போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறார். அப்படியானால் தூக்கத்தான் வேண்டும். முக்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பனஞ்சட்டத் துண்டுகளும் பைப்புகளும் பெல்ட்டும் என்னிடம்தான் இருக்கின்றன, வந்து எடுத்துச் செல்லலாம். காலைச் சுற்றிக் கட்டும் சங்கிலியையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.